அத்தியாயம் 9: த்ராட்டில் பாடிகளைச் சமன் செய்தல்

சிக்னலில் நிற்கும்போது ஹேண்டில்பார் நுனிவரை நடுங்குகிறது. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரிகிறது. முதல் கியரில் க்ளட்சை விட்டால் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் கிளம்புகிறது. நெரிசலில் ஆக்ஸிலரேட்டரை மூடி மெல்லத் திறக்கும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. இரண்டு சிலிண்டர் வண்டியில் இவை சேர்ந்து வந்தால், இரண்டு த்ராட்டில் பாடிகளும் ஒரே அளவு காற்றை விடவில்லை என்று சந்தேகிக்கலாம். வீட்டு வாசலிலேயே ஒரு காலைப் பொழுதில் சரிசெய்துவிடக்கூடிய வேலை இது.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சமன் செய்வது சர்வீஸின் கடைசி வேலை. டேப்பெட் சரியில்லாத, எங்கோ காற்று கசிகிற எஞ்சினைச் சமன் செய்தால், அந்தக் கோளாறுக்கு ஏற்ப ஸ்க்ரூவைத் திருப்பி வைத்திருப்பீர்கள். நாளை கோளாறைச் சரிசெய்ததும் சமன் மறுபடி குலைந்துவிடும். இந்த அத்தியாயத்தில் பாதி ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றி இருப்பது அதனால்தான்.

உங்கள் வண்டிக்கு இது தேவையா?

புல்லட், கிளாசிக் 350, பல்ஸர், ட்யூக் 390 போன்றவை ஒற்றை சிலிண்டர் வண்டிகள். அவற்றில் சமன் செய்ய எதுவும் இல்லை. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650, கவாஸாகி நின்ஜா 650, யமஹா ஆர்3 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கும், நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கும் உரியது இந்த வேலை. நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் கண்ணில் படுவது இன்டர்செப்டர் என்பதால் அதையே முதன்மை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 2018-இல் விற்பனைக்கு வந்த 648 சிசி வண்டி. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு த்ராட்டில் பாடிகள்.

இந்த வண்டிக்காரர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இதன் கிராங்க் 270 டிகிரி அமைப்பு. இரண்டு வெடிப்புகளுக்கு இடையே ஒரு முறை 270 டிகிரியும் அடுத்த முறை 450 டிகிரியும் இடைவெளி விழும். அதனால் ஐடிலில் சத்தம் இயல்பாகவே 'டக்-டக்… டக்-டக்' என்று ஏற்றத்தாழ்வோடுதான் வரும். அது கோளாறு இல்லை, வடிவமைப்பு அப்படி. காதை மட்டும் நம்பி ஸ்க்ரூவைத் திருப்பினால் நன்றாக இருந்ததும் கெட்டுவிடும். அளந்து பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

என்ன நடக்கிறது?

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வேக்குவம் உண்டாகிறது. தகடு அதிகம் மூடியிருக்கும் பக்கம் வேக்குவம் அதிகம், காற்று குறைவு. ஐடிலில் தகடு திறந்திருப்பது மயிரிழை அளவுதான்; அங்கே சிறு வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். முழு ஆக்ஸிலரேட்டரில் அந்த வித்தியாசம் கணக்கிலேயே வராது. எனவே இந்த வேலையால் வண்டியின் உச்ச வேகம் கூடாது. நகர ஓட்டம் மென்மையாகும். இரண்டு பக்க வேக்குவமும் ஒன்றாக வர வேண்டும், இவ்வளவுதான் இலக்கு.

முதலில் முடிக்க வேண்டியவை

வரிசையை மாற்றாதீர்கள்.

1. இரண்டு சிலிண்டரும் எரிகின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் கழித்து இரண்டு சைலன்சர் பைப்பிலும், எஞ்சினை ஒட்டிய பகுதியில், சில துளி தண்ணீர் தெளியுங்கள். ஒன்றில் சுர்ரென்று ஆவியாகி மற்றதில் அப்படியே வழிந்தால், அந்தச் சிலிண்டர் மிஸ்ஸிங். பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் போங்கள்.

2. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

3. டேப்பெட் செட்டிங். இன்டர்செப்டரில் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். எட்டையும் எஞ்சின் ஆறிய நிலையில், மேனுவலில் உள்ள இடைவெளிக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்றிருந்தால் வேக்குவம் அளவே பொய் சொல்லும்.

4. காற்றுக் கசிவு. எஞ்சினுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே உள்ள இன்டேக் ரப்பரைச் சுற்றி, ஐடிலில் ஓடும்போது, பூவாளி பாட்டிலால் மெல்லிய தண்ணீர்ச் சாரல் அடியுங்கள். எஞ்சின் ஓசை மாறினால் அங்கே கசிவு. பலர் இதற்குக் கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். சூடான சைலன்சருக்கு மேலே பற்றக்கூடிய திரவத்தைத் தெளிப்பது ஆபத்து, வேண்டாம்.

5. ஆக்ஸிலரேட்டர் கேபிளில் 2 முதல் 3 மி.மீ. ப்ளே இருக்கட்டும் (மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி). எஞ்சின் ஐடிலில் ஓட, ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது.

6. த்ராட்டில் தகடுகளின் விளிம்பில் கரி படிந்திருந்தால் த்ராட்டில் பாடி க்ளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். சில வண்டிகளில் இதிலேயே பாதி வித்தியாசம் போய்விடும்.

அளக்கும் கருவி

கடையில் இரட்டை டயல் கேஜ் கிடைக்கிறது. வாங்கினால், இரண்டு டயலையும் ஒரே சிலிண்டரின் ஒரே துளையில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டாவிட்டால் அந்த வித்தியாசத்தை மேலே ஒட்டி எழுதி வையுங்கள். மலிவான கேஜ்களில் இது சாதாரணம்.

இரண்டு சிலிண்டர் வண்டிக்கு நான் பரிந்துரைப்பது நீங்களே செய்துகொள்ளும் எண்ணெய்க் குழாய். கொத்தனார் இரண்டு சுவருக்கு மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபின் வேலைதான் இதற்கும். எண்ணெய் வித்தியாசத்தை மட்டுமே காட்டும். நமக்குத் தேவையும் அதுதான். 1 மி.மீ. பாதரச வித்தியாசம் எண்ணெயில் சுமார் 15 மி.மீ. ஆகத் தெரியும். இந்த நுணுக்கம் மலிவான டயலில் கிடைக்காது.

தேவையானவை: மீன்தொட்டிக்குக் காற்று விடும் 4 மி.மீ. ஒளி ஊடுருவும் டியூப் 6 மீட்டர். அதே மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சிறிய பிளாஸ்டிக் வால்வு ஒன்று. ஒன்றரை மீட்டர் நீளப் பலகை. இரும்பு மூடி போட்ட இரண்டு கண்ணாடி ஜாம் பாட்டில்கள். ஓரடி நீள ரப்பர் வேக்குவம் ஹோஸ் இரண்டு. கொஞ்சம் டூ-டி ஆயில்.

1. டியூபைச் சரிபாதியாக வெட்டி, நடுவில் வால்வை இணையுங்கள்.

2. வால்வு பலகையின் அடியில் வர, டியூபின் இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் நேராக மேலே ஏறும்படி கட்டுங்கள். பின்னால் ஸ்கேல் ஒட்டிக்கொண்டால் வசதி.

3. ஒவ்வொரு பாட்டில் மூடியிலும் இரண்டு துளை போட்டு, டியூப் துண்டுகளைச் செருகி எம்-சீலால் அடையுங்கள். இரண்டு துண்டும் மூடிக்கு உள்ளே அரை அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது.

4. பலகையிலிருந்து வரும் டியூப் பாட்டிலுக்குள் போக, பாட்டிலிலிருந்து இன்னொரு டியூப் வண்டிக்குப் போகட்டும். எஞ்சினை ஒட்டிய கடைசி ஓரடி ரப்பர் ஹோஸ். மீன்தொட்டி டியூப் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும்.

5. பலகையின் பாதி உயரத்துக்கு எண்ணெய் ஊற்றி, வால்வைத் திறந்து, குமிழிகள் மேலே ஏறிப் போகும்வரை விடுங்கள். இரண்டு கையிலும் எண்ணெய் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

பாட்டில்களை வேண்டாத சுமை என்று விட்டுவிடாதீர்கள். ஐடிலில் ஓடும் எஞ்சினின் வேக்குவம் எண்ணெயை மூன்று மீட்டருக்கு மேலே தூக்க வல்லது. ஒரு பக்க ஹோஸ் கழன்றால் போதும், பலகையில் உள்ள எண்ணெய் முழுவதும் நொடியில் மறு சிலிண்டருக்குள் போய்விடும். பாட்டில் இருந்தால் எண்ணெய் அங்கே விழுந்து தங்கும். மெல்லிய தண்ணீர் பாட்டில் வேக்குவத்தில் நசுங்கும், அதனால்தான் கண்ணாடி.

எச்சரிக்கை: பாதரசம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அதன் ஆவி நஞ்சு. எஞ்சினின் அலுமினியத்தையும் அரித்துவிடும்.

பாதுகாப்பு

எஞ்சின் பல நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடப்போகிறது. திறந்த வெளியில் செய்யுங்கள். ஷட்டரைப் பாதி திறந்த கார் ஷெட் திறந்த வெளி ஆகாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தலை சுற்றும்போதுதான் தெரியும்.

இன்டர்செப்டர் காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் எஞ்சின். ஓடாத வண்டிக்குக் காற்று வராது. வீட்டு டேபிள் ஃபேனை எஞ்சினுக்கு முன்னால் வையுங்கள். அப்படி வைத்தும் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து ஆறவிடுங்கள். லுங்கி, தொங்கும் துண்டு, கழுத்துச் சங்கிலி வேண்டாம். சைலன்சர் பைப் பக்கம் கை போகும் என்பதால் முழுக்கை சட்டை நல்லது. தீயணைப்பான் இல்லையென்றால் ஒரு வாளி மணலாவது பக்கத்தில் இருக்கட்டும்.

சில வண்டிகளில் டேங்கைத் தூக்காமல் ஸ்க்ரூ எட்டாது. கார்புரேட்டர் வண்டிக்குச் செய்வதுபோல் பெட்ரோல் பாட்டிலைத் தொங்கவிட்டு ஓட்ட முடியாது. ஃப்யூல் இன்ஜெக்ஷனில் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. பெரும்பாலும் டேங்கின் பின்புறப் போல்ட்டைக் கழற்றி, ஹோஸைக் கழற்றாமலே, மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்திக்கொள்ளலாம். ஹோஸைக் கழற்றியே தீர வேண்டும் என்றால், முதலில் பம்ப் கனெக்டரை உருவிவிட்டு எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள்.

எந்த ஸ்க்ரூ?

வேலையிலேயே கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு அடையாளம் காணுங்கள். மூன்று விதம் உண்டு.

இரண்டு தகடுகளின் தண்டுகளும் நடுவில் சேரும் இடத்தில், ஸ்பிரிங் போட்ட ஒரு ஸ்க்ரூ இருக்கலாம். அது ஒரு தகட்டை மற்றதோடு ஒப்பிட்டு நகர்த்தும்.

ஒவ்வொரு த்ராட்டில் பாடியிலும் ஒரு பைபாஸ் ஏர் ஸ்க்ரூ இருக்கலாம். அது தகட்டைத் தொடாது; தகட்டைச் சுற்றிப் போகும் ஐடில் காற்றை மட்டும் கூட்டிக் குறைக்கும். இந்த வகையில் ஏதோ ஒரு சிலிண்டர் அடிப்படையாக இருக்கும். அதைத் தொடாமல் மற்றதை அதற்கு இணையாகக் கொண்டுவர வேண்டும். சில யமஹா வண்டிகளில் அடிப்படை ஸ்க்ரூவில் வெள்ளைப் பெயின்ட் வைத்திருப்பார்கள்.

பிஎம்டபிள்யூ ஆர்1150 போன்ற பாக்ஸர் வண்டிகளில் பக்கத்துக்கு ஒரு கேபிள். ஐடிலுக்குப் பித்தளை பைபாஸ் ஸ்க்ரூ, அதற்கு மேலே கேபிள் அட்ஜஸ்டர் என்று இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும்.

இவற்றைத் தவிர த்ராட்டில் பாடியில் பெயின்ட் பூசிய இன்னொரு ஸ்க்ரூ கண்ணில் படும். தகடு எந்த அளவுக்கு மூடலாம் என்று தொழிற்சாலையில் நிர்ணயித்த ஸ்டாப் ஸ்க்ரூ அது. அதைத் தொட வேண்டாம். த்ராட்டில் பொசிஷன் சென்ஸாரின் ஸ்க்ரூவும் அப்படியே. வண்டி வாரன்டியில் இருந்தால் எதையும் தொடாமல் சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

செய்முறை

1. வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். சூடாகாத எஞ்சினில் இசியூ ஐடிலை உயர்த்தியே வைத்திருக்கும். அந்த அளவு பயன்படாது.

2. எஞ்சினை அணைத்து, வண்டியை நேராக நிறுத்தி, வேக்குவம் நிப்பிள்களைக் கண்டுபிடியுங்கள். இன்டேக் பக்கம் ரப்பர் மூடியோ சிறு ஹோஸோ பொருத்திய பென்சில் கனக் குழாய்கள் அவை. பிஎஸ்6 வண்டிகளில், அதாவது ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்தவற்றில், பெட்ரோல் ஆவிக் கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸ் இங்கே இணைந்திருக்கலாம். கழற்றினால் அந்த ஹோஸின் வாயை அடையுங்கள்.

3. நிப்பிளிலிருந்து போகும் ஹோஸ் ஒரு சென்ஸாருக்குப் போகிறதா என்று தொடர்ந்து பாருங்கள். போனால் அதை உருவாதீர்கள். 'டி' இணைப்புப் போட்டு அதிலிருந்து அளவெடுங்கள். மேப் சென்ஸாரின் ஹோஸைக் கழற்றினால் இசியூ எஞ்சினின் சுமையைத் தவறாகக் கணக்கிட்டுப் பெட்ரோலைக் கொட்டும், எச்சரிக்கை விளக்கும் எரியும்.

4. திருப்பப்போகும் ஸ்க்ரூவின் இப்போதைய நிலையில் மார்க்கரால் கோடு போட்டு, போட்டோவும் எடுத்து வையுங்கள்.

5. ஹோஸ்களைப் பொருத்துங்கள். எந்தக் கை எந்தச் சிலிண்டருக்கு என்று பலகையில் எழுதுங்கள். மீன்தொட்டி வால்வு மூடியிருக்கட்டும்.

6. ஸ்டார்ட் செய்து ஐடில் நிதானமானதும் வால்வை மெல்ல, மிக மெல்லத் திறங்கள். எண்ணெய் ஒரு பக்கம் விறுவிறுவென்று ஏறினால் உடனே மூடி எஞ்சினை அணையுங்கள். வித்தியாசம் அதிகம், அல்லது ஏதோ ஒரு ஹோஸ் சரியாக உட்காரவில்லை.

7. எண்ணெய் மேலும் கீழும் துள்ளும். வால்வைக் கொஞ்சம் மூடினால் துள்ளல் அடங்கி, மட்டம் ஓரிடத்தில் மூச்சு விடுவதுபோல் அசைந்து நிற்கும். அந்த அசைவின் நடுப்புள்ளியே உங்கள் அளவு.

8. எண்ணெய் எந்தக் கையில் உயர்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்தில் வேக்குவம் அதிகம், காற்று குறைவு. அதற்குக் காற்றைக் கூட்டுங்கள், அல்லது மற்றதற்குக் குறையுங்கள். ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

9. திருப்பியதும் ஆக்ஸிலரேட்டரை லேசாக ஒருமுறை திறந்து மூடுங்கள், தண்டு தன் இடத்தில் உட்காரும். பிறகு பத்து வினாடி பொறுங்கள். வால்வு குறுகியிருப்பதால் எண்ணெய் மெதுவாகத்தான் நகரும். ஐடில் கன்ட்ரோல் உள்ள வண்டியில் இசியூவும் ஆர்பிஎம்மைத் தன் அளவுக்கு இழுத்துக்கொள்ள நேரம் எடுக்கும். அவசரப்பட்டு அடுத்த திருப்பு திருப்பினால் எந்தத் திருப்புக்கு எது நடந்தது என்று தெரியாமல் போகும்.

10. பல மேனுவல்கள் சுமார் 10 மி.மீ. பாதரச வித்தியாசத்தை அனுமதிக்கின்றன. எண்ணெயில் அது ஏறக்குறைய 15 செ.மீ. உங்கள் கருவியில் 2, 3 செ.மீ.க்குள் கொண்டுவருவது கடினமில்லை. அதற்குக் கீழே துரத்த வேண்டாம். அசைவே அவ்வளவு இருக்கும்.

11. ஐடில் சமனானதும் 2,500 முதல் 3,000 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். உதவிக்கு ஒருவர் இருந்தால் நல்லது. அங்கேயும் மட்டம் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது.

12. எஞ்சினை அணைத்து, இரண்டு ஹோஸையும் இடம் மாற்றிப் பொருத்தி இன்னொரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் சிலிண்டரோடு போகாமல் பலகையின் அதே கையிலேயே நின்றால், கருவியில்தான் எங்கோ கசிவு அல்லது குமிழி.

ஐடிலில் சமன், 3,000-இல் குலைகிறது என்றால் தகடுகளே சமமாகத் திறக்கவில்லை. பைபாஸ் ஸ்க்ரூ அதைச் சரிசெய்யாது. நடுத்தண்டு ஸ்க்ரூவோ கேபிள் அட்ஜஸ்டரோ உள்ள வண்டியில் முதலில் 3,000-இல் அதைக்கொண்டு சமன் செய்து, பிறகு ஐடிலுக்குத் திரும்பி பைபாஸைப் பார்க்க வேண்டும். எவ்வளவு திருப்பியும் எண்ணெய் அசையவே இல்லையென்றால் ஸ்க்ரூவை விட்டுவிட்டு காற்றுக் கசிவையும் டேப்பெட்டையும் மறுபடி பாருங்கள். அவையும் சரியென்றால் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்துவிட வேண்டியதுதான்.

எண்பதுகளில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் ஆர்டி 350-இன் இரண்டு கார்புரேட்டர்களை, ஒரே கனமுள்ள இரண்டு டிரில் பிட்களை ஸ்லைடுகளுக்கு அடியில் வைத்தே சமன் செய்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. கருவி எளியதாக இருப்பது குறையே இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கிறோமா என்பதுதான் முக்கியம்.

நான்கு சிலிண்டர் வண்டியென்றால்

எண்ணெய்க் குழாய் போதாது. நான்கு டயல் கேஜ் வேண்டும். ஸ்க்ரூக்கள் தண்டில் உள்ள வண்டிகளில் வரிசை இது: முதலில் 1, 2 சிலிண்டர்களை ஒன்றுக்கொன்று சமன் செய்யுங்கள். அடுத்து 3, 4. கடைசியாக நடு ஸ்க்ரூவைத் திருப்பி இந்த இரு ஜோடிகளையும் சேருங்கள். நடு ஸ்க்ரூவில் தொடங்கினால் சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்பீர்கள்.

மூடும்போது

எஞ்சின் ஆறியதும் ஹோஸ்களைக் கழற்றி, ரப்பர் மூடிகளை விரலால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிது போடுங்கள்; வெடித்த ஒரு மூடி அத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும். கேனிஸ்டர் ஹோஸின் அடைப்பை எடுத்துப் பழைய இடத்தில் பொருத்துங்கள், டேங்கின் போல்ட்டை இறுக்குங்கள். பெட்ரோல் ஹோஸைக் கழற்றியிருந்தால், சாவியைப் போட்டுப் பம்ப் ஓடியதும் இணைப்பில் ஈரம் வருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலை வேண்டாம். தெருவுக்குள், இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரை மூடித் திறந்து போய் வாருங்கள். மாற்றம் தெரிவது அங்கேதான். நோட்டில் தேதி, கிலோமீட்டர், எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த டேப்பெட் செட்டிங் முடிந்ததும் இதே பலகையை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். மட்டம் நகராமல் இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாமலே மூடிவிடலாம்.